பதினேழரை டன்

"ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிம்மா" என்று அப்பா சொன்னபோது சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. ஏளனச் சிரிப்பு இல்லை; காலையில் கண் விழித்ததிலிருந்தே எதற்கெடுத்தாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது, பல் தேய்க்கும்போது, பிட்ட இட்லியை வாய்வரை கொண்டுபோய்த் திரும்பத் தட்டிலேயே வைத்தபோது, வீட்டுக்குப் பின்னாலிருந்த பட்டறைக் கதவு வழக்கம்போல முரண்டு பிடித்தபோதுகூட. ஐம்பத்திரண்டு வயதில் இப்படிச் சிரிப்பு வரலாமா, பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற பெண்ணுக்கு வருகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாவின் குரல் தணிந்து போயிற்று, ஆண்டவரே இந்த வேலையை உம்முடைய கரத்தில் வைக்கிறோம் என்றது, அவள் காதில் பாதி விழுந்தது, பாதி மூடிய கண்ணுக்குள் தெரிந்த இரும்புச் சட்டத்தின் மேல் வழுக்கிப் போயிற்று. செவ்வாய்க்கிழமை, ஆனால் அப்பா ஞாயிறு ஆராதனைக்குப் போகிற மாதிரி சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் கருப்புக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். தேவஇரக்கம், எண்பத்தொரு வயது. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், துணிப்பையை மடியில் வைத்தபடி, ஜெபத்துக்குத் தானும் எழுந்து நிற்கவேண்டுமோ என்று பாதி எழுந்து பாதி உட்கார்ந்த நிலையில் சென்னியப்பன்; கோயமுத்தூர் பீளமேட்டில் பவுண்டரி வைத்திருப்பவர், மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றுகிறவர், இந்தச் சட்டத்தையும் ஊற்றியவர். ஆமென். கண்ணைத் திறந்தாள். எதிரே அது நின்றது. விரல் வைத்து அழுத்துகிற கட்டைகள் இல்லை, சுத்தியல்கள் இல்லை, மூடி இல்லை, பியானோ என்று தெரியாதவர் பார்த்தால் சொல்லவே முடியாத ஒரு பியானோ. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த தேக்கு முதுகு, அதன் மேல் ஒலிப்பலகை, அதன் மேல் பொன்வண்ணம் பூசிய வார்ப்பிரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் மேலிருந்து கீழாக இருநூற்றிருபத்து நான்கு கம்பிகள், இப்போதைக்குத் தொளதொளவென்று. ஒவ்வொரு கம்பியும் தன் சுருதிக்கு வரும்போது சராசரியாக எழுபத்தெட்டு கிலோ பாரம் இழுக்கும். எல்லாம் வந்து சேர்ந்தால் பதினேழரை டன். நாலு யானைகள் இந்தச் சட்டத்தில் தொங்குகிற மாதிரி என்று நேற்று சென்னியப்பனிடம் போனில் சொன்னாள். "யானை ஆடுமுங்களே அம்மிணி, கம்பி ஆடாதுங்களே" என்று அவர் அதற்குச் சமாதானம் சொன்னார். ஆடும் என்று அவள் சொல்லவில்லை. கம்பி ஆடுவதற்காகத்தானே இவ்வளவும்.

சாவியை எடுத்தாள், மரப்பிடி போட்ட நீண்ட இரும்புச் சாவி, கம்பி சுற்றியிருக்கிற முளையின் தலையில் அதைப் பொருத்தி இழுத்தால் முளை திரும்பும், கம்பி இறுகும். நடுவிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக இழுத்துக்கொண்டே போனால் பாரம் முழுக்க ஒரு பக்கம் ஏறிச் சட்டம் முறுக்கிக்கொள்ளும், அதனால் இங்கொன்று அங்கொன்று, நடுவில் ஒன்று, கீழ்ச்சுரத்தில் ஒன்று, உச்சத்தில் ஒன்று, நாலு பக்கமும் நாற்காலி போட்டு விருந்தாளிகளை உட்காரவைக்கிற மாதிரி. முதல் கம்பி. சிறிய தேக்குச் சில்லால் அதை மீட்டிக்கொண்டே இழுத்தாள். முதலில் கயிற்றுக்கொடி காற்றில் அடிக்கிற மாதிரி ஒரு படபடப்பு, அதில் சுரமே இல்லை, பிறகு படபடப்புக்குள்ளிருந்து ஒரு முனகல், முனகல் நிமிர்ந்து, நிமிர்ந்து, இதோ, இதோ, சுருதி பார்க்கிற கவைக்கோலின் ஒலியோடு சேர்ந்து நின்றுவிட்டது. எழுபத்தெட்டு கிலோ. அப்பா தலையை ஆட்டினார். பேரேட்டில் கோடு போடுகிற மாதிரி மனதுக்குள் ஒன்று என்று சொல்லிக்கொண்டாள், அடுத்ததற்குப் போனாள். வெளியே வேப்பேரிச் சாலையில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போயின. அந்தச் சாலையைப் பார்த்தபடிதான் பலகை தொங்குகிறது, ஞானசிகாமணி அண்ட் சன்ஸ், பியானோ செய்பவர்கள், 1931 முதல். செய்பவர்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது அப்பா என்ன பண்றாரு என்று கேட்டால் பியானோ செய்கிறார் என்றுதான் சொல்வாள், சொல்லும்போது கழுத்து தானாக நீளும். தாத்தா ஞானசிகாமணி பொறையாரில் மிஷன் தச்சுப் பட்டறையில் உளி பிடித்தவர், பதினெட்டு வயதில் மதராஸுக்கு வந்து மவுண்ட் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரர் இசைக்கருவிக் கடையில் பெட்டி பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். கப்பலில் வந்த பியானோப் பெட்டியின் ஆணியைப் பிடுங்குவதுதான் வேலை. ஆணியைப் பிடுங்கினார், வைக்கோலை அள்ளினார், உள்ளே இருப்பதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பன்னிரண்டு வருஷம் இருந்தார். நம்ம ஊர்க் காத்துக்கு இதோட பசை இளகுது, மரம் உப்புது, நம்ம காத்துக்குத் தகுந்த மாதிரி நாமே செய்யணும் என்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து இதே பட்டறையில், ஆமாம் இதே தரையில், முதல் பியானோவைச் செய்தார், தேக்கு பர்மாவிலிருந்து, இரும்பு பெரம்பூரிலிருந்து, முழுக்க இந்த மண்ணிலேயே. புரசைவாக்கம் பக்கத்தில் ஒரு சின்ன ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் அந்த ஆலயத்துப் போதகரான ஐயர் பிரசங்கத்துக்கு நடுவே அதைச் சொல்வார், வீட்டார் எல்லாரும் முதல் வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பார்கள், பெருமையை மறைக்கத் தரையைப் பார்ப்பது தவிர வேறு வழி என்ன. பதினெட்டு, பத்தொன்பது. கை சூடாகிவிட்டது. அந்த இடத்துக்கு மனம் வந்தால் நகராது, முழுக்க இந்த மண்ணிலேயே என்ற இடத்துக்கு, சட்டையின் நூல் ஆணியில் மாட்டிக்கொள்கிற மாதிரி. இன்றைக்கு வேண்டாம். இன்றைக்கு மட்டும் வேண்டாம்.

"சத்தம் எதுவும் கேக்குதுங்களா?" என்றார் சென்னியப்பன். "கம்பிச் சத்தம்தான்" என்றாள். "அது இல்லீங்க. டிக்குனு. உள்ளாற." இல்லை என்று தலையசைத்தாள். அவர் கேட்டதில் தப்பில்லை. முதல் சட்டம் அவருடைய பவுண்டரி மண்ணிலேயே, ஆறும்போதே விட்டுவிட்டது, இரும்புக் குழம்பை ஊற்றிய மறுநாள் அச்சைப் பிரித்தால் குறுக்கே விரிசல். இரண்டாவது முழுசாக வந்தது, அழகாக வந்தது, அதற்குப் பொன்வண்ணம் அடித்து இதே மாதிரிக் கம்பி கட்டி இதே மாதிரி இழுத்துக்கொண்டிருந்தாள், நாலு மாதத்துக்கு முன்னால், நூற்று ஐம்பத்தோராவது கம்பியில், முளையில் சாவி வைத்து அரைச் சுற்றுக்கூட ஆகவில்லை. வார்ப்பிரும்பு சொல்லிவிட்டு உடையாது. எஃகு என்றால் வளையும், மரம் என்றால் முனகும், வார்ப்பிரும்பு கடைசி நொடிவரை எல்லாம் நல்லபடியாக இருக்கிற மாதிரி நிற்கும். ஆட்டுக்கல்லை மாடியிலிருந்து போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், அதற்குப் பிறகு எல்லாக் கம்பிகளும் ஒரே சமயத்தில் பிரலாபித்த ஒரு ஓலம், இடது புருவத்தில் ஏதோ சுரீரென்றது, கையை வைத்துப் பார்த்தால் ரத்தம். கண்ணுக்கு அரை அங்குலம் தள்ளி. அன்றைக்கு அவள் அழவில்லை. லாரி செய்கிற தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் என்ஜினியராக இருந்தவள், உடைந்த வார்ப்பை முன்னால் வைத்துக்கொண்டு எத்தனையோ பார்த்திருக்கிறாள். ரத்தத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு டார்ச் அடித்து உடைந்த முகத்தைத்தான் பார்த்தாள். உச்சக் கம்பிகளின் பக்கம், சட்டக் கம்பத்தின் அடியில் மூலை கூராக இருந்தது, கூர்மூலையில் ஒரு மணல் ஓட்டை, மிளகளவு. மிளகளவு ஓட்டைக்குப் பதினொன்றே முக்கால் டன். போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒரு மணி நேரம் கழித்துச் சென்னியப்பன் கூப்பிட்டார். "அம்மிணி, கண்ணுக்கு ஒண்ணும் ஆகலீங்களே" என்றார், பிறகு "மூலைய உருட்டி விட்டுர்றேன், குழம்ப ஊத்திப்போட்டு மூணு நாள் மண்ணுக்குள்ளயே கெடக்கட்டும், அவசரப்பட்டது என்ற தப்புங்க" என்றார். பம்பு வார்ப்புக்கு நடுவே இதற்கென்று மூன்று நாள் இடத்தை அடைத்து வைத்தார். இப்போது நேரில் வந்திருக்கிறார். ஏன் சிரமம் என்று கேட்டதற்கு, "ஒடைஞ்சா என்ற கண்ணு முன்னால ஒடையட்டுமுங்க, போட்டோவுல பாக்கறதுக்கு மனசு வரலீங்க" என்றார். எழுபத்தாறு, எழுபத்தேழு. ஆறு டன். பாரம் ஏற ஏறச் சட்டம் ஒலியை மாற்றிக்கொண்டே வந்தது. முதலில் ஒரு கம்பியை மீட்டினால் அந்தக் கம்பி மட்டும்தான் பேசிற்று; இப்போது ஒன்றை மீட்டினால் எங்கிருந்தோ இன்னும் நாலைந்து கம்பிகள் மெல்ல ஆமோதித்தன, தொடாமலே, இருட்டில் உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் ஒரே வார்த்தைக்குத் தலையசைக்கிற மாதிரி. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பார்த்தீங்களா அப்பா என்று சொல்லப்போனவள் சொல்லவில்லை, சொன்னால் கலைந்துவிடும் என்று ஒரு மூடநம்பிக்கை, என்ஜினியருக்கு ஆகாத மூடநம்பிக்கை, இருக்கட்டும்.

ஆனால் சொல்லாமல் வைத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான். பதினொரு வருஷம். ஆலயத்துப் பியானோவின் ஒலிப்பலகை வெடித்துவிட்டது, வந்து பாருங்கள் என்று ஐயர் சொல்லியனுப்பினார், அப்பாவுக்கு அப்போது கண்புரை ஆபரேஷன், அதனால் அவள் போனாள், தனியாக. சின்ன வெடிப்பென்றால் பின்பக்கமாகவே ஒட்டிவிடலாம், இதற்குக் கம்பிகளைத் தளர்த்திச் சட்டத்தைத் தூக்கவேண்டியிருந்தது. தாத்தாவின் சட்டத்தைத் தொடப்போகிறோம் என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள், பைத்தியம் மாதிரி. ஆலயத்து வேலையாளான கோயில்பிள்ளையையும் தோட்டக்காரரையும் கூப்பிட்டுச் சட்டத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, அவர்களை அனுப்பிவிட்டு, பின்பக்கத்தைத் துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரும்பில் எழுத்துக்கள், புடைத்து நிற்கிற எழுத்துக்கள், வார்க்கும்போதே அச்சில் விழுந்தவை, ஒரு வெள்ளைக்காரப் பேர், லண்டன், 1904. எழுந்து முன்பக்கம் போய் விரல் நகத்தால் பொன்வண்ணத்தைச் சுரண்டினாள். உள்ளே பள்ளத்தை அடைக்கிற மக்கு. மக்குக்குள்ளே உளியால் செதுக்கி எடுத்த தடம், அதே எழுத்துக்கள் முன்னாலும் இருந்திருக்கின்றன. செதுக்கியதும் நல்ல செதுக்கல், பொறையார்க் கை. முழுக்க இந்த மண்ணிலேயே. ஆலயத்துக்குள் அப்போது யாருமில்லை, ஜன்னல் கண்ணாடியின் நீலம் அவள் கைமேல் விழுந்திருந்தது. திருடு என்று முதலில் நினைத்தாள். பிறகு, திருடு என்ன, விலை கொடுத்துத்தானே வாங்கியிருப்பார் என்று நினைத்தாள். பெட்டி அவர் செய்தது, ஒலிப்பலகை அவர் இழைத்தது, சுத்தியல்களுக்குக் கம்பளி சுற்றியது பாட்டியும் அத்தைமாரும், இரும்பு மட்டும்தானே, என்று நினைத்தாள். இரும்பு மட்டும்தான் என்றால் ஏன் செதுக்கினார் என்று உடனே நினைத்தாள். அந்த இடத்திலிருந்து பதினொரு வருஷமாக நகரவில்லை. வெடிப்பை ஒட்டி, அவர்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சட்டத்தைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கி, பேசாமல் வீட்டுக்கு வந்து, ஒலிப்பலகை ஒட்டியாச்சுப்பா என்றாள். அப்பா அன்றைக்குக் கண்ணில் பச்சைத்துணி கட்டிப் படுத்திருந்தார், சட்டம் நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கு என்றாள். அந்த வாரமே வரைபடத் தாளை விரித்தாள். இது அப்பாவுக்குத் தெரியக்கூடாது, அவருக்குத் தெரிவதற்குள் வாசல் பலகையில் இருப்பதை நிஜமாக்கிவிடவேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அப்பா செய்வதை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பதோடு நின்றுகொண்டாரே, அதற்கப்புறம் அந்தப் பலகையைக் கழற்றாமலே வைத்திருக்கிறாரே, அந்த மனிதருக்காகவாவது. இந்தச் சட்டத்தில் எழுத்துக்களை அவள் முன்பக்கம்தான் போடச் சொன்னாள், கொட்டை எழுத்தில், தமிழில்: சென்னியப்பன் பவுண்டரி, பீளமேடு. "எம்பேரு எதுக்குங்க, உங்க கம்பெனி பேரு போடுங்க" என்று அவர் கூச்சப்பட்டார். கூடாது, ஊற்றினவங்க பேருதான் என்று அவள் பிடிவாதம் பிடித்ததன் காரணம் அவருக்குத் தெரியாது. நூற்று முப்பது. நூற்று முப்பத்தொன்று. அந்த எழுத்துக்களுக்கு மேலேயேதான் இப்போது கம்பிகள் ஒவ்வொன்றாக விறைத்து நின்றுகொண்டிருந்தன. பத்தேகால் டன். உள்ளங்கை வழுக்கிற்று, புடவையில் துடைத்துக்கொண்டாள், சிரிப்பு நின்றுவிட்டது, ஆனால் சிரிப்பு இருந்த இடத்தில் வேறு ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது, பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று, இரண்டும் ஒரே முளையில் சுற்றிய மாதிரி.

நூற்று ஐம்பது. சாவியை நூற்று ஐம்பத்தோராவது முளையில் வைத்தாள். அன்றைக்கு வைத்த அதே முளை, வரிசை மாறவில்லை, மாற்றியிருக்கலாம், மாற்றினால் பயந்த மாதிரி ஆகும் என்று மாற்றவில்லை. கை இழுக்கவில்லை. இழு என்றால் இழுக்கவேண்டிய கை, தன் பாட்டுக்குச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூலையை உருட்டியாயிற்று, கணக்குப் பார்த்தாயிற்று, மூன்று மடங்கு தாங்கும், தாளில் தாங்கும், தாளில் இரண்டாவதும்தான் தாங்கிற்று. புருவத்துத் தழும்பு அரித்தது. விசிறி சுற்றுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. "ஏம்மா நிறுத்திட்ட" என்றார் அப்பா. "கை வேர்க்குதுப்பா. ஒரு நிமிஷம்." அப்பா பக்கத்தில் வந்தார். தள்ளியே நில்லுங்க என்று காலையில் நூறு தரம் சொல்லியிருந்தாள், அவர் வந்து சட்டத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டார், பொன்வண்ண எழுத்துக்களைக் கண்ணைச் சுருக்கி வாசித்தார். "உங்க தாத்தாவுக்கும் ரெண்டு உடைஞ்சுது" என்றார். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "எது?" "சட்டம். பெரம்பூர்ல ஊத்தினது. ஒண்ணு ஆறும்போதே போச்சு. ரெண்டாவது கம்பி இழுக்கும்போது போச்சு. கிறிஸ்துமஸ்ஸுக்கு நாலு நாள் இருந்துது, ஆலயத்துக்கு வாக்குக் குடுத்தாச்சு. பழைய கடையில நனைஞ்சு வீணாப்போன பியானோ ஒண்ணு கிடந்துதாம், அதோட சட்டத்தை வாங்கியாந்து வச்சாரு." அப்பா இதை மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில் சொன்னார். அவள் சாவியை விடாமலே அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பத்துலேருந்து தெரியும்?" "அறுபத்தெட்டுல. முளைப்பலகை மாத்தப் போனேன். பின்னாடி லண்டன்னு இருந்துது. வந்து நேரா அவர்கிட்டயே கேட்டேன். உங்க தாத்தா மறைக்கல. அடுத்ததை முழுக்க நாமளே செஞ்சுருவோம்னு நெனச்சேன் தம்பி, அடுத்தது வந்தப்பவும் பயமா இருந்துச்சுன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு." பதினொரு வருஷம் சுகிர்தா இவரிடமிருந்து மறைத்ததை இவர் அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே, ஐம்பத்தைந்து வருஷமாக, மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். "எனக்குத் தெரியும்னு..." என்று ஆரம்பித்தாள். "தெரியும்" என்றார் அப்பா. "நான் சட்டத்தை மூடினா திருகாணிப் பள்ளம் எல்லாத்தையும் நெட்டுக்குத்தா நிறுத்தித்தான் மூடுவேன், அது என் பழக்கம். நீ போய்ட்டு வந்தப்புறம் கண்ணு சரியாகி ஆலயத்துக்குப் போனேன், பாத்தேன், ஒண்ணொண்ணும் ஒரு பக்கம் பாத்துட்டு நிக்குது. சட்டத்தைத் தூக்கியிருக்கா, பாத்திருக்கான்னு தெரிஞ்சுது. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன், நீ சொல்லல. அப்புறம் பேப்பரை விரிச்சு வரைய ஆரம்பிச்சே. சரி, நாம வாயைத் திறக்கவேண்டாம்னு இருந்துட்டேன்." "ஏம்ப்பா சொல்லல?" "சொன்னா, இனிமே அப்பாவுக்காகச் செய்யவேண்டியதில்லைன்னு நீ விட்டுட்டா?" சுவரோரம் சென்னியப்பன் வேறு எங்கோ பார்த்தபடி துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

அப்பாவைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவர் போகவில்லை. இரண்டாம் தரம் அவள் சொல்லவில்லை. சாவி இன்னும் அதே முளையில்தான் இருந்தது, கை அவளுடையதாகத் திரும்ப வந்திருந்தது; தாத்தாவுக்கு அடுத்தது வந்தபோதும் பயமாக இருந்தது, அதனால் என்ன, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள், அந்த நினைப்பு ஏனோ உடம்பைக் கனமில்லாமல் செய்தது, தாத்தா முதல்முறையாகப் பிரசங்கத்திலிருந்து இறங்கி வந்து பெரம்பூர்ச் சட்டம் உடைந்த சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிற முப்பது வயது ஆளாகத் தெரிந்தார், அவருடைய புருவத்தில்கூட ஏதாவது பட்டதோ என்னவோ. இழுத்தாள். கால் சுற்று. அரைச் சுற்று, அன்றைக்கு எட்டாமல் போன இடம். மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை, ஏன் பிடிக்கவேண்டும். முக்கால். கம்பி முனகி, நிமிர்ந்து, நின்றது. நூற்று ஐம்பத்தொன்று. சென்னியப்பனுடைய நாற்காலி கிறீச்சிட்டது, அவர் எழுந்து நின்றுவிட்டார். நூற்று ஐம்பத்திரண்டு. அதற்கப்புறம் அவளை யாரும் நிறுத்தமுடியாது போலிருந்தது. தடதடவென்று மாடிப்படி ஏறுகிற மாதிரி, இங்கொன்று அங்கொன்று, கீழ்ச்சுரத்தில் செம்பு சுற்றிய தடிக்கம்பி ஒன்று, தொண்டைக்கடியிலிருந்து உறுமிக்கொண்டு வந்து நின்றது, உச்சத்தில் சாண் நீளத்துக் கம்பி ஒன்று, ஊசி விழுந்த மாதிரிக் கிணுங்கிற்று, ஒவ்வொன்று வந்து சேரும்போதும் ஏற்கெனவே வந்தவை எல்லாம் இடம் கொடுத்து அசைந்து உட்கார்ந்தன. பன்னிரண்டரை டன். பதினான்கு. தோள்பட்டை எரிந்தது, பசித்தது, காலையில் விட்ட இட்லி இப்போது கிடைத்தால் எட்டு தின்பாள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தது, பிள்ளைகளின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்தது, அந்த இரைச்சலுக்கும் கம்பிகள் மெல்ல முணுமுணுத்தன, எல்லாம் கேட்கிறது இதற்கு, இப்போதுதான் காது வந்திருக்கிறது. பதினைந்தே கால் டன். ஒரு இடத்தில், நூற்றுத் தொண்ணூற்றாறிலோ ஏழிலோ, டிக் என்றது. மூன்று பேரும் ஆணி அடித்த மாதிரி நின்றார்கள். சென்னியப்பன் சட்டத்தின் மேல் காதை வைத்தார், கண்ணை மூடினார், உருட்டி விட்ட மூலையை விரலால் தடவினார், முழங்கால் போட்டுக் கீழே பார்த்தார், எழுந்தார். "இரும்பு இல்லீங்க. மரம். மரம் இரும்பு மேல நெருங்கி உக்காருதுங்க" என்றார். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அப்பா, "ஆமா, உக்காரும்" என்றார். அவள் உட்காரு, நல்லா உட்காரு என்று அதனிடம் மனதுக்குள் சொன்னாள், சொல்லிக்கொண்டே அடுத்த முளைக்குப் போனாள்.

இருநூற்றிருபத்து நான்கு. கடைசிக் கம்பி நின்றபோது மணி பன்னிரண்டே கால். பதினேழரை டன் அவர்களுக்கு நடுவே சத்தமில்லாமல், அசையாமல் நின்றது. ஐந்து நிமிஷம் பார்த்தார்கள், பத்து நிமிஷம் பார்த்தார்கள், நின்றது. சென்னியப்பன் தொண்டையைச் செருமி, "அம்மிணி, நானொண்ணு தட்டிப் பாக்கலாங்களா" என்றார், அதுவரை பியானோக் கம்பியைத் தொட்டே அறியாத மனிதர், பவுண்டரிச் சூட்டில் காய்த்துப்போன கட்டைவிரல் நகத்தால் ஆகக் கீழே இருந்த தடிக்கம்பியை இழுத்து விட்டார். அது சத்தம் என்று சொல்ல முடியாது. தரையிலிருந்து வந்தது, பாதத்தின் வழியே முழங்காலுக்கு ஏறிற்று, ஜன்னல் கண்ணாடி நடுங்கிற்று, மற்ற இருநூற்றிருபத்து மூன்றும் கூடவே மூச்சுவிட்டன, அடங்க அரை நிமிஷம் ஆயிற்று. அவர் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார், பிறகு, "பம்புல இதெல்லாம் வராதுங்க" என்றார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுகிர்தா முத்திரை எண் அடிக்கிற இரும்பு அச்சுகளை எடுத்துவந்தாள். தேக்கு முதுகின் மேல் ஓரத்தில் வரிசை எண் அடிப்பது வீட்டு வழக்கம், தாத்தா ஆலயத்துப் பியானோவில் ஒன்று என்று அடித்தார், அப்பா எழுபத்தெட்டில் கடைசியாக இருநூற்றுப் பன்னிரண்டு அடித்தார், அந்த இருநூற்றுப் பன்னிரண்டிலும் வெளிநாட்டு இரும்புதான் என்று இப்போது தெரிந்துவிட்டது. பதினொரு வருஷமாக அவள் மனதில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. அந்த அச்சைக் கையில் எடுத்தே விட்டாள். "என்னது, ஒண்ணா?" என்றார் அப்பா. "இதுதானேப்பா ஒண்ணு." அவர் தேக்கு முதுகை உள்ளங்கையால் மேலும் கீழும் தடவினார், குதிரையைத் தடவுகிற மாதிரி. "இருநூத்திப் பதிமூணு" என்றார். "அதுங்களையும் நாமதான் செஞ்சோம். அதுங்க மேலதானே நானும் நீயும் வேலை கத்துக்கிட்டோம். ஒண்ணு போட்டா அதெல்லாம் இல்லைன்னு ஆயிரும்." அவளுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஒன்று என்பது எவ்வளவு சுத்தமாக, தனியாக நிற்கிற எண். அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாத்தா மக்கு வைத்து மூடினதைத் தான் எண் வைத்து மூடப்பார்க்கிறோமோ என்று தோன்றியதும் சுருக்கென்றது, அச்சைப் பெட்டியில் போட்டுவிட்டு இரண்டை எடுத்தாள், பிறகு ஒன்றை, பிறகு மூன்றை, சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தாள். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் கம்பிகள் எல்லாம் உள்ளே முழங்கின.

"பாத்தீங்களா, இறங்கிடுச்சு" என்றார் அப்பா, முதல் கம்பியைச் சில்லால் மீட்டி. ஆமாம், காலையில் சரியாக நின்ற சுரம் அரைச் சுருதி தாழ்ந்திருந்தது. "ஐயோ, ஏதாச்சும் விட்டுப்போச்சுங்களா" என்று சென்னியப்பன் பதறினார். ஒன்றுமில்லை, புதுக்கம்பி நீளும், ஒலிப்பலகை பாரத்துக்கு அமுங்கும், முதல் தடவை ஏற்றினது எப்போதும் இறங்கத்தான் செய்யும், இன்னும் நாலு தடவை, ஐந்து தடவை இழுத்தால்தான் நிலைக்கும் என்று சுகிர்தா அவருக்கு விளக்கினாள். விளக்கும்போதே, இன்னும் ஐந்து தடவை என்று தன் வாயால் கேட்கும்போதே, அவளுக்குக் காலையில் வந்த அந்தச் சிரிப்பு திரும்ப வந்தது. தோள் வலி இருந்த இடம் தெரியவில்லை. "சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாமாப்பா" என்று கேட்டுக்கொண்டு திரும்பினாள். அப்பா ஆராதனைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கால்சட்டைப் பையிலிருந்து தன்னுடைய பழைய சாவியை எடுத்தார். காலையிலிருந்து அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறார், பிடி தேய்ந்து கருத்துப் பளபளத்தது. "சாப்பாடு எங்க ஓடிப்போகுது" என்றார். "நீ மேல் கம்பிங்களைப் பாரு. கீழ நான் பாத்துக்கறேன்." ஒரு பியானோவை இரண்டு பேர் ஒரே சமயத்தில் இழுத்து அவள் பார்த்ததில்லை. இழுக்க முடியுமா, ஒருவர் காது இன்னொருவர் காதைக் குழப்பாதா என்றெல்லாம் நினைத்துக்கொண்டே வலப்பக்கம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். அப்பா செம்புக் கம்பியின் முளையில் சாவியைப் பொருத்தி, காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, "ம்" என்றார்.